கேட்டால்தான் காபி

"இங்கிலீசு படிச்சு வெள்ளக்காரனுக்கா பாடம் எடுக்கப் போறே? எந்திரிச்சுப் போயி பொறுக்கு புள்ள." கிணத்துக்கடவுப் பக்கத்துத் தென்னந்தோப்பில், நிழலில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த என்னிடம் தோட்டத்தம்மா இப்படிக் கேட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பு. தோப்பு அவர்களுடையது. அம்மா அங்கே கூலிக்குப் போனாள். விடுமுறை நாட்களில் நானும் தேங்காய் பொறுக்குவேன். "அது சும்மா படிக்குதுங்க" என்று அம்மா எனக்காகச் சமாளித்தாள்.

இன்று அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய ஊரில் என் வேலையே அதுதான், வெள்ளைக்காரர்களுக்குப் பாடம் எடுப்பது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான் என்பதால் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். ஸ்பெயினிலிருந்து லாரி ஓட்டுநர் வருவார், இத்தாலியிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் வருவார். சில வாரம் என் வீட்டிலேயே தங்குவார்கள். கரும்பலகை கிடையாது. சமைப்பது, கடைக்குப் போவது, பக்கத்து வீட்டுக்காரரோடு வம்பளப்பது எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். ஒரே ஒரு விதி உண்டு. எது வேண்டுமானாலும் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காதவரை உப்பைக்கூட யாரும் நகர்த்தித் தர மாட்டோம். நானும் இந்த ஊருக்கு வந்த புதிதில், யாராவது பரிமாறுவார்கள் என்று காத்திருந்து, நிறைந்த மேசை முன்னால் பசியோடு உட்கார்ந்திருந்தவள்தான்.

போன வருடம் ஒரு நாள் அம்மா போனில் கிசுகிசுத்தாள். "கண்ணு, தோட்டத்தம்மா நம்மூட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க. உன்ற நம்பர் வேணுமாமா." அவர் எங்கள் தெருவுக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை.

கணவர் இறந்தபின் தேங்காய் நார் மில் அவர் பெயரில் இருந்தது, வாங்குபவர்களோடு பேசுவது மட்டும் ஆங்கிலம் தெரிந்த கொழுந்தனாரிடம் இருந்தது. நார்க்கழிவைக் கட்டிகளாக அழுத்திச் செடி வளர்ப்பவர்களுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். அதை வாங்கும் ஸ்ட்ராபெரி விவசாயி ஒருவர் அயர்லாந்தில் நான் இருக்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தார். "கொழுந்தன் அவங்ககிட்ட என்ன பேசறான், எங்கிட்ட என்ன சொல்றான்னே தெரியல. ஒருக்கா நானே பேசிப்போட்டா மில்லு எங்கையில நிக்கும். இல்லீனா அவன் கைக்குப் போயிரும்" என்றார். மூன்று வாரம் தங்கி, கடைசியில் அந்த விவசாயியை நேரில் பார்ப்பது என்று முடிவானது.

வந்தார். சேலைக்கு மேல் கனமான கோட்டு, காலில் கம்பளிக் காலுறை. முதல் வாரம் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட அவர் பேசவில்லை. தவறு என்னுடையதுதான். தட்டு பாதி காலியானதும் என் கை தானாகக் கரண்டிக்குப் போனது. தாகம் என்று அவர் நினைக்கும் முன்பே தண்ணீர் வைத்தேன். அம்மாவிடம் நான் கற்றதே அதுதானே, முகத்தைப் பார்த்து அறிந்து, சொல்லும் முன் செய்து முடிப்பது. அவருக்கோ வாழ்நாளில் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. கடல் கடந்து வந்தும் நாங்கள் இருவரும் அந்தத் தோப்பிலேயே நின்றுகொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டு நோரா ஒரு மாலை இதையெல்லாம் பார்த்துவிட்டு, "உன் மதர் கொடுத்துவைத்தவர்" என்றாள். தோட்டத்தம்மாவுக்கு 'மதர்' என்ற சொல் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். நான் மறுக்கவில்லை, அவரும் மறுக்கவில்லை. இனி அவர் கேட்காமல் எதையும் தருவதில்லை என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை காபியைப் போட்டுப் பாத்திரத்தோடு மேசையில் வைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே மழை. அவர் காபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்படி உட்கார்ந்திருப்பதை அம்மா பார்த்தால் பதறிப்போவாள் என்று தோன்றியது. காபி ஆறத் தொடங்கியது. அவர் எழுந்தார். கோபித்துக்கொண்டு அறைக்குப் போகிறார் என்றே நினைத்தேன். சுவரிலிருந்த கொக்கிகளிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தார். இரண்டிலும் ஊற்றினார். ஒன்றை என் பக்கம் நகர்த்தி, "யூ... சுகர்?" என்றார்.

அந்த வீட்டில் அவர் கேட்ட முதல் கேள்வி தனக்காக இல்லை. அவர் வீட்டுப் பின்னால், பொடக்காளிச் சுவர் மேல் கவிழ்ந்திருக்கும் அம்மாவின் தனி டம்ளர் நினைவுக்கு வந்தது. அதில் ஊற்றிய காபிக்குச் சர்க்கரை போதுமா என்று யாரும் கேட்டதில்லை. குடித்து முடித்ததும் அவர் இரண்டு கோப்பைகளையும் கழுவிக் கொக்கியில் மாட்டினார். மழையை மறந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அவரை நிறுத்த முடியவில்லை. நோராவிடம் மீன் விலை கேட்டார், தபால்காரரிடம் அவர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். தப்பும் தவறுமாக, ஆனால் கேட்டார். கடைசி வாரம் பண்ணையில், விவசாயி ஏதோ சந்தேகம் வந்து, கொழுந்தனாரைக் கூப்பிடப் போனை எடுத்தார். "நோ. ஆஸ்க் மீ" என்றார் தோட்டத்தம்மா. நான் தள்ளி நின்றுகொண்டேன். கட்டியின் ஈரம், உப்பு, அடுத்த கப்பல் என்று பேச்சு நீண்டது. கடைசியில் விவசாயி அவருடைய எண்ணைத் தன் போனில் பதிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் காரில் சொன்னார். "வெள்ளக்காரனுக்கா பாடம் எடுக்கப் போறேன்னு கேட்டனே, நெனப்பிருக்குதா?"

"இருக்குதுங்க."

"எனக்கும் சேத்து எடுப்பேன்னு தெரிஞ்சிருந்தா நெழல்லயே உக்கார உட்டிருப்பனே!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

ஊருக்குப் போனதும் அழைப்பு அனுப்பினார். மில்லில் வேலை செய்யும் பெண்களுக்கு இதே போல் அவர் வீட்டில் தங்கிச் சொல்லித்தர வேண்டுமாம். சரி என்றேன். அம்மாவும் என்னோடு தங்குவாள், இருவரும் முன்வாசல் வழியாக வருவோம் என்று எழுதி, டிக்கெட்டையும் எடுத்துவிட்டேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது: வா, உன் அம்மாவுக்கு எவ்வளவு சர்க்கரை?

அம்மாவிடம் போனில் கேட்டேன். "அவங்க குடுக்கறதக் குடிச்சுக்கறேன்னு சொல்லு கண்ணு."

"அவங்க கேட்டிருக்காங்க. நீ சொல்லு."

"அதெல்லாம் எதுக்கு கண்ணு?" என்று இழுத்தாள். அப்புறம், "ரெண்டு கரண்டி. கொஞ்சம் தூக்கலா" என்றாள், வெட்கப்பட்டவள் போல.

இங்கே என் சமையலறைக் கொக்கியில் தோட்டத்தம்மா குடித்த கோப்பை தொங்குகிறது. அங்கே அவர் வீட்டுக்குள் அம்மாவின் டம்ளருக்கு இடம் எதுவென்று நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு கரண்டி, தூக்கலாக என்று எழுதி அனுப்பிவிட்டேன்.