சனிக்கிழமை பில்கள்

அன்று கடையில் இருந்தது நான்கு பேர். நான். மருந்தாளுநர் படிப்பு படித்த என் மருமகள். ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி அம்மா. சர்க்கரை மாத்திரை வாங்க வந்து, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மாட்டிக்கொண்ட ஓவர்லாக் டெய்லர் பெண். வேறு யாரும் இல்லை. மகன் வருகிறேன் என்றான். அவன் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடுமோ என்று நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் மருந்துக் கடை பெருமாநல்லூர் ரோட்டில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பாதி வயது செக்கிங் டேபிளில் போயிற்று. தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. அங்கே சேர்ந்த பணத்தில் கடை போட்டோம். மருந்து எடுத்துக் கொடுப்பது மருமகள், பில் போடுவது நான்.

கம்பெனிக்காரர்கள் சம்பளத்தில் காப்பீட்டுக்கென்று பிடிக்கிறார்கள். அட்டையும் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த அட்டைக்கு மருந்து வாங்க டவுனுக்குள் போய் வரிசையில் நிற்க வேண்டும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கு அரை நாள் போனால் அரை நாள் கூலி போயிற்று. அதனால் அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு எங்களிடம் காசுக்கு வாங்குவார்கள். இந்த நிலையில்தான், தனியார் கடைகளும் அட்டைக்கு மருந்து கொடுக்கலாம், பணத்தை அரசாங்கத்திடம் வாங்கிக்கொள்ளலாம், விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது.

அந்த ஓவர்லாக் டெய்லர் தெற்கத்திப் பெண். அவள்தான் விடாமல் நச்சரித்தாள்.

"யக்கா, நீங்க அதுல சேந்துட்டா நான் மாத்திரைய விடாமப் போடுவேன்க்கா. இப்ப சம்பளம் கொறஞ்ச வாரம் பாதி அட்ட மாத்திரைதான வாங்குறேன். போன மாசம் மிஷின்லயே தலை சுத்திக் கவுந்துட்டேன்ல."

அவள் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. சேர வேண்டும் என்று முடிவு செய்தேன். சேர்வதற்கு அவர்கள் கேட்ட காகிதங்களைப் பார்த்ததும் மிச்சத் தூக்கமும் போயிற்று. லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், கடையின் நீள அகலம் போட்ட வரைபடம், ஃபிரிட்ஜ் வாங்கிய ரசீது, மருமகளின் சான்றிதழ், முத்திரைத்தாளில் உறுதிமொழி, வங்கிக் கணக்கு, ஆறு மாத விற்பனை பில். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், ஜெராக்ஸுக்குக் கையெழுத்து. ஒரு கையெழுத்து சாய்ந்தும் இன்னொன்று நேராகவும் விழுந்தால் தள்ளிவிடுவார்களோ என்று பழைய பேப்பரில் எழுதி எழுதிப் பழகினேன். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் பழைய பழக்கத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினேன்.

"அத்தை, இது எக்ஸ்போர்ட் பீஸ் இல்லீங்க" என்று மருமகள் சிரித்தாள். "ஸ்டிக்கருக்கு மேல எழுத்தே தெரியல பாருங்க."

ஆய்வு நாளில் அதிகாரி அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு உட்கார்ந்து பில் புத்தகங்களைப் புரட்டினார். புரட்டப் புரட்டக் கை மெதுவானது.

"என்னம்மா இது, முக்கால்வாசி பில் சனிக்கிழமை தேதியிலயே இருக்கு? மத்த நாள்ல இந்த ரோட்டுல யாருக்கும் காய்ச்சலே வராதா?"

டெய்லர் பெண் சிரித்துவிட்டாள். நான் தட்டுத்தடுமாறி விளக்கினேன்.

இங்கே சம்பளம் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை மாத்திரை வாங்குகிறவர் காசு கொடுப்பது சனிக்கிழமை. கறிக்கடை, மளிகைக்கடை, எல்லா இடத்திலும் அப்படித்தான். காசு வரும்போது பில் போடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். காசே வராமல் பில் போட்டால் அது பொய்க் கணக்காகிவிடும் என்று எனக்குப் பயம்.

அதிகாரி அம்மா கோபப்படவில்லை. "மருந்து கடையை விட்டுப் போன தேதிதாம்மா பில் தேதி. எது என்னைக்குப் போச்சுன்னு ஆதாரம் இல்லாம நான் சரின்னு எழுத முடியாது. வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதுக்குள்ள கொண்டுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரிக்கணக்கு எழுதித் தருகிறவருக்குப் போன் போட்டேன். அவர் சுலபமாகச் சொன்னார்: "புது பில் புக் ஒண்ணு அடிச்சுப் பழைய தேதியப் போட்டுக் குடுத்துருங்க. எல்லாரும் பண்றதுதானுங்க."

"இல்லீங்க, எனக்குப் பயமுங்க" என்று வைத்துவிட்டேன். பயந்தவளுக்கு அது ஒன்றுதான் சௌகரியம். பொய் சொல்லும் தைரியம் வராது.

டெய்லர் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் மடித்து மடித்து நைந்துபோன மருந்துச் சீட்டு. அதன் பின்பக்கம் வரிசையாக எங்கள் கடை முத்திரை. மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மருமகள் சீட்டில் முத்திரை குத்தித் தேதி போடுவாள். படித்த இடத்தில் வந்த பழக்கம். நான் பார்ப்பதை மருமகளும் பார்த்தாள்.

"அத்தை, தேதி பூராவும் இவங்க ஊட்டுலதான் இருக்குதுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் கிளம்பினேன். டெய்லர் பெண் துணைக்கு வந்தாள். துணி துவைக்கிற நாள், கறி எடுக்கிற நாள். என்னைக் கண்டதும் ஒரு வீட்டில் கதவு சாத்திக்கொண்டது.

"சனிக்கெழம குடுத்துர்றமுங்க! ஞாயித்துக்கெழமயுமா வந்து நிப்பீங்க?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"பாக்கி கேட்டு வரலைங்க, சீட்டு கேட்டு வந்தனுங்க."

"சீட்டு எதுக்குங்க? கோர்ட்டுல போடவா?"

டெய்லர் பெண் கதவைத் தட்டினாள். "ஏட்டி, வெளிய வா. இவுக கோர்ட்டுக்குப் போற மூஞ்சியா? என்னைய விடப் பயந்தவுக."

கதவு திறந்தது. அதன் பிறகு அவளே வீடு வீடாக அதே வசனத்தைச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தாலும் வேலை நடந்தது. அரிசிப் பானைக்கு அடியிலிருந்து ஒரு சீட்டு, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று, குழந்தையின் நோட்டுக்கு அட்டையாகிப்போன ஒன்று. பீகார்க்காரர் ஒருவர் போனில் போட்டோவாகக் காட்டினார். ஊருக்குப் போனவர்களின் சீட்டு கிடைக்கவில்லை.

கிடைத்ததையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, அந்தந்த பில்லுக்குப் பக்கத்தில் ஒட்டி, முத்திரைத் தேதியைக் காட்டி ஒரு அம்புக்குறி வைத்தோம். கிடைக்காத பில்லுக்குப் பக்கத்தில் "சீட்டு கிடைக்கவில்லை" என்று நானே எழுதினேன். மருமகள் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றோம். அதிகாரி அம்மா கட்டைப் பிரித்தார்.

"இது என்னம்மா, அம்பு அம்பா?"

"செக்கிங்குல தப்பு இருக்கற எடத்துல ஒட்டுவமுங்க. இதுல தேதி இருக்கற எடத்துல ஒட்டியிருக்கறனுங்க."

"கிடைக்காதது இவ்வளவு இருக்கே?"

"ஆமாங்க. அவங்க ஊர்லயிருந்து வந்ததும் வாங்கிக் குடுத்தர்றனுங்க. வேற தேதி போட எனக்கு மனசு வரலைங்க."

அவர் ரொம்ப நேரம் புரட்டினார். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, இனிமேல் கடனாக இருந்தாலும் அன்றன்றைக்கே பில் போடுவேன் என்று எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். பழகியிருந்ததால் கையெழுத்து நேராக விழுந்தது.

அனுமதி வந்த பிறகு முதல் ஆளாக அட்டையை நீட்டியது டெய்லர் பெண்தான். மாதம் முழுவதற்குமான மாத்திரையை மருமகள் எண்ணி வைத்தாள்.

"சனிக்கெழம தரட்டுமாக்கா?" என்று பழக்கத்தில் கேட்டாள்.

"ஒண்ணும் தர வேண்டாம் அம்மிணி. கையெழுத்த மட்டும் போடு."

அதற்குப் பிறகு அவள் பாதி அட்டை மாத்திரை வாங்கவே இல்லை. நான்தான் மாதாமாதம் சீட்டு நகல், அட்டை நகல், கையெழுத்து, அன்றன்றைய பில் என்று கட்டுக் கட்டி அனுப்புகிறேன். முதல் கட்டு, முத்திரை எழுத்தின் மேல் விழுந்திருக்கிறது என்று திரும்பி வந்தது. வேறு நகல் எடுத்துத் தள்ளிக் குத்தி அனுப்பினேன். திரும்பி வந்தால் மறுபடியும் அனுப்புவேன். அதற்காக யாருக்கும் மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தப் போவதும் இல்லை. லைன் வீட்டுக்காரர்கள் சனிக்கிழமை தவறாமல் வந்து பழைய பாக்கியைக் கொடுத்துவிடுகிறார்கள். அரசாங்கத்துக்கு மட்டும் சனிக்கிழமை இன்னும் வரவில்லை. அங்கிருந்து வர வேண்டிய பாக்கி, பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.