மூன்று ஆபீஸ், ஒரு டெலிபோன் பில்

யார் யாரோடு எத்தனை நிமிடம் பேசினார் என்று தெரிந்தும், ஒன்றும் தெரியாதவள் போல் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். பொது டெலிபோனுக்குப் பொறுப்பாக இருந்து பேச்சு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

புதுச்சத்திரத்தில் ரோட்டோரம் ஒரு மாடிக் கட்டடம். அதில் மூன்று ஆபீஸ்: லாரி புக்கிங் கந்தசாமி அண்ணன், போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்த செங்கோடன் அண்ணன், கோழித்தீவன ஏஜென்ட் மாரிமுத்து அண்ணன். செல்போனில் வெளிமாநிலம் பேசினால் காசு கரைந்துபோன காலம் என்பதால் மூவரும் சேர்ந்து ஒரே லைன் வாங்கி, ஒரு மெஷின் வைத்தார்கள். நாலு இலக்கக் கோடு நம்பரை அழுத்தினால்தான் வெளியே பேச முடியும். மாதக் கடைசியில் மெஷின் நீளமாக ஒரு தாள் கொடுக்கும். ஒவ்வொரு காலுக்கும் எதிரே கோடு நம்பர், நேரம், நிமிடம் எல்லாம் இருக்கும். அதைப் பார்த்து பில்லை மூன்றாகப் பிரிப்பது என் வேலை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது, இல்லையா?

கூட்டினால் எட்டு

மெஷின் மாட்ட வந்தவர் முன்னெச்சரிக்கையாக நாலு கோடு நம்பர் போட்டுவிட்டுப் போனார். செங்கோடன் அண்ணனுக்கு 2123 வந்தது. விரல் விட்டுக் கூட்டினார். எட்டு. பாம்பைத் தொட்டவர் போல் கையை இழுத்துக்கொண்டார். கந்தசாமி அண்ணனிடம் கொடுத்தேன், வேண்டாம் என்றார். மாரிமுத்து அண்ணன் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை, மற்ற இருவரும் வேண்டாம் என்றதே அவருக்குப் போதும். மூவரும் தங்கள் ராசியான வண்டி நம்பரையே கோடாகப் போடச் சொன்னார்கள். 2123 மெஷினுக்குள் அனாதையாகக் கிடந்தது. ஒரு நம்பரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

செங்கோடன் அண்ணன் சொன்னார்: "எட்டுல தொடங்குனா போர்ல தண்ணி வராது அம்மிணி, புழுதிதான் வரும்."

ஒன்றரை அடி ரகசியம்

முதல் மாதத் தாளில் கந்தசாமி அண்ணன் கணக்கில் அம்மாபேட்டை நம்பர் ஒன்றுக்கு இருபத்தேழு கால். "அங்க எனக்கு யாருமே இல்லியே" என்று குதித்தார். விசாரித்தால், அவருடைய டிரைவரின் மாமனார் வீடு. புது மாப்பிள்ளை. லோடுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் மாடிக்கு வந்து பெண்டாட்டியோடு பேசியிருக்கிறான். கோடு நம்பர் இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைத்தான் முறைத்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

டிரைவர் ஜன்னல் வழியாகக் கீழே நின்ற லாரியின் முதுகைக் காட்டினான். "ஏனுங்க, நீங்கதானுங்க ஒன்றரை அடி எழுத்துல எழுதச் சொன்னீங்க?"

கேட்கலாம், சொல்லக் கூடாது

அன்றைக்கே மூவருடைய கோடு நம்பரையும் மாற்றினோம். மூன்றும் தெரிந்த ஒரே ஆள் நான். கந்தசாமி அண்ணன் மட்டும் சமாதானம் ஆகவில்லை. இன்னொரு தப்புக் கால் வந்தால் தனி லைன் வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். ஆளுக்கொரு லைன் வந்தால் பிரிக்க பில் ஏது, எனக்கு வேலை ஏது? அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகள் பள்ளிக்கூட வேனில் போய்க்கொண்டிருந்தாள்.

செங்கோடன் அண்ணன் கணக்கில் சிக்கலே வராது. ராகு காலத்தில் அவர் போனைத் தொடமாட்டார், ரிசீவர் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். ஒருநாள் அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய பார்ட்டி கூப்பிட்டுவிட்டது. நான் ரிசீவரை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்ள, இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் கேட்டார். நாலரை தாண்டியதும் தானே கூப்பிட்டுச் சரி என்றார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"கேக்கறதுக்கு ராகு காலம் கெடையாது அம்மிணி, சொல்றதுக்குத்தான்."

என் கால்

என் வீட்டுக்காரர் வேறொரு முதலாளியின் ரிக்கில் சத்தீஸ்கரில் இருந்தார். நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டிவிட்டு ஆபீஸுக்கே தூக்கி வந்து பெஞ்சில் படுக்க வைத்தேன். "அப்பாகிட்டப் பேசோணும்" என்று ஒரே அழுகை. என் செல்லில் பத்து ரூபாய்கூட இல்லை. செங்கோடன் அண்ணன் ரிக்கும் அந்தப் பக்கம்தான் ஓடியது, அவர் தாளில் சத்தீஸ்கர் நம்பர்கள் குவிந்து கிடக்குமே, ஒன்று கூடினால் யாருக்குத் தெரியும்? அவருடைய கோடு நம்பரை அழுத்தினேன். அப்பாவும் மகளும் பதினொரு நிமிடம் பேசினார்கள். அவள் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள். எனக்குத்தான் அந்த மாதம் முழுக்கத் தூக்கம் போயிற்று.

மாதக் கடைசியில் தாளைப் பிரித்துக் கொடுத்தேன். செங்கோடன் அண்ணன் நம்பரைப் பார்ப்பதே இல்லை, நேரத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டு போவார். விரல் ஓரிடத்தில் நின்றது. "செவ்வாக்கெழம மூணே முக்காலு. அந்நேரத்துல நான் போன எடுப்பனா?"

பக்கத்திலேயே கந்தசாமி அண்ணன். "தப்புக் காலா? பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னனே" என்று எழுந்துவிட்டார்.

"நாந்தானுங்க பேசுனேன்" என்றேன். மகள், காய்ச்சல், நாலு மாதம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெட்கமாக இருந்தது. சொன்னதில் பாரமும் இறங்கியது. கந்தசாமி அண்ணன் மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

"புள்ளைக்கு இப்பத் தேவலையா?" என்றார் செங்கோடன் அண்ணன். தேவலை என்றேன். "அந்த எட்டு நம்பரு சும்மாதான கெடக்குது? நீ வெச்சுக்க. அதுல வர்றத எங்க மூணு பேருக்கும் சமமாப் பிரிச்சுப் போடு." மற்ற இருவரையும் பார்த்தார். மாரிமுத்து அண்ணன் தலையாட்டினார். கந்தசாமி அண்ணன், "வாரத்துக்கு ஒருக்காத்தான்" என்று முறைப்பாகச் சொன்னார்.

செங்கோடன் அண்ணன் தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "இனி ராகு காலத்துல என்ற நம்பர மட்டும் தொட்டுறாத அம்மிணி. அந்த வாரம் போட்ட ரெண்டு போரும் புழுதி. எதனாலன்னு இப்பத்தான் தெரியுது."

எட்டு எனக்கு ராசியான நம்பர் என்று அந்த ஆபீஸில் கடைசிவரை நான் வாயைத் திறக்கவில்லை, தெரிந்தால் மூன்று பேரும் பங்கு கேட்டு, அதையும் நானே பிரிக்க வேண்டி வந்திருக்கும்.