மாடிப்படிக்குப் போர்த்திய பொன்னாடை

என் மகள் காலையில் எதுவும் குடிக்க மாட்டாள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பழக்கம் வந்துவிட்டது. அவளுடைய வகுப்பு பழைய கட்டடத்தின் மாடியில். அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. அவளை மேலே தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு நான் இறங்கிவிட்டால், திரும்பி வரும்வரை அவளால் கீழே வர முடியாது. அவள் அம்மா காப்பார் ஊரில் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பும் முன் கலக்கி வைக்கும் மைலோ, மேசையில் ஆடை கட்டி ஆறிக் கிடக்கும்.

நான் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றது. நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிகளில் இறக்கிவிட்டு, மகளை முன்சீட்டிலும் அவள் நாற்காலியை மடக்கிப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போவேன். பிறவியிலேயே அவள் கால்களுக்குப் பலம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் என்னைவிடப் பலசாலி.

பதிவு செய்யப் போன நாளிலேயே மாடிப்படியைப் பற்றிக் கேட்டோம். மாணவர் விவகாரத்தைப் பார்க்கும் அதிகாரி நம்மவர்தான். என்னைவிட இளையவர், மரியாதையாகப் பேசினார்.

"செமெந்தாரா தான் அண்ணே. கீழ ஒரு ரூம் இருக்கு, ஸ்டோரா வெச்சிருக்காங்க. அத கிளியர் பண்ணிட்டா கிளாஸ கீழ கொண்டு வந்துடலாம். அதுவரைக்கும் நீங்க தூக்கிடுவீங்கல்ல?"

செமெந்தாரா என்றால் தற்காலிகம். தூக்கிவிடுவேன் என்றேன். பெற்ற மகளைத் தூக்குவதற்கு என்ன யோசனை வேண்டிக் கிடக்கிறது.

அந்தத் தற்காலிகம் இரண்டு கல்வித் தவணைகளைத் தாண்டியது. அவள் சின்னப் பிள்ளை இல்லை. ஒரு கையால் என் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள், மறு கையால் மேலேறும் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். படியில் நிற்கும் மாணவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிடுவார்கள். யாராவது ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். படி முடியும்வரை அவள் கண்களை மூடிக்கொள்வாள். மூடிக்கொண்டால் யாரும் பார்க்காத மாதிரி இருக்கும் என்று ஒரு நாள் சொன்னாள். ஒவ்வொரு தடவை அறையைப் பற்றிக் கேட்கும்போதும் அதிகாரி, "கொஞ்சம் சபார் லா அண்ணே" என்பார். பொறுமையாக இருக்கச் சொல்வதில் அவருக்குக் குறையே இல்லை.

பிறகு மாணவர்கள் சேர்ந்து மாற்றுத்திறனாளிகள் பெருமை நாள் என்று ஒன்று வைத்தார்கள். ஏற்பாட்டுக் குழுவில் என் மகளும் இருந்தாள். அவள் பேசுவதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மலாயில் எழுதி வைத்துக்கொண்டு, சமிக்ஞை விளக்கில் வேன் நிற்கும்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பாள்.

"அன்னைக்கு டீன் வருவாருப்பா. எல்லார் முன்னாலயும் அந்த ரூம கேட்டா இல்லன்னு சொல்ல முடியாது. கேட்டுட்டேன்னா அதுக்கப்புறம் நானே உருட்டிக்கிட்டு கிளாசுக்குப் போயிடுவேன். நீங்க வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போயிடலாம்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பெருமை என்று அவள் நினைத்தது அதைத்தான்.

மண்டபத்தை நன்றாக அலங்கரித்திருந்தார்கள். வண்ணப் பதாகைகள், பலூன்கள், வாசலில் பூந்தொட்டிகள். மேடைக்கு மட்டும் படிகள்தான் இருந்தன, சரிவுப்பாதை இல்லை. யாருக்கும் அது தோன்றவில்லை போலிருக்கிறது. மகளை மேடைக்குக் கீழே ஓரமாக நிறுத்தினார்கள், பேசும் நேரத்தில் மைக்கைக் கீழே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னார்கள். நான் கதவோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று அந்த அதிகாரி மைக்கைப் பிடித்து என்னைக் கூப்பிட்டார். இரண்டு மாணவர்கள் வந்து, "அங்கிள், வாங்க அங்கிள்" என்று ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து எழுப்பினார்கள். மேடையில் நிறுத்திவிட்டு அவர் மலாயில் ஏதோ சொன்னார், பிறகு தமிழில் சொன்னார்.

"நாமெல்லாம் வருஷத்துக்கு ஒரு நாள் பத்துமலையில காவடி எடுக்கிறோம். இந்த அண்ணன் தினமும் எடுக்கிறாரு."

மண்டபமே கை தட்டியது. பின்னால் இருந்த பையன்கள் "வேல் வேல்" என்று குரல் கொடுத்தார்கள். டீன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பிரிக்பீல்ட்ஸ் கடையிலிருந்து வாங்கி வந்த மாலையைப் போட்டார்கள். பரிசுப் பொருள்கள் அடுக்கிய ஹேம்பர் கூடை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். கூடைக்கு மேலாக எட்டி மகளைப் பார்த்தேன். மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது அவள் பேச்சு. அதற்குள் டீனுக்கு வேறு கூட்டம் இருந்ததால் கிளம்பிவிட்டார். பின்னால் பிரியாணி மூடியைத் திறந்துவிட்டார்கள். தட்டுச் சத்தத்துக்கு நடுவில், தான் ஏன் தண்ணீர் குடிக்காமல் வகுப்புக்கு வருகிறேன் என்று என் மகள் சொன்னாள். அந்த அறையைக் கேட்டாள். குரல் தடுமாறவே இல்லை. அவள் கீழே உட்கார்ந்திருந்ததால் பாதிப்பேருக்கு ஆளே தெரியவில்லை, குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். நான் கடைசி வரிசைக்குத் திரும்பியிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "கெசியான்" என்று சொல்லி உச்சுக்கொட்டினார். பாவமாம். பெருமை நாளில் என் மகளுக்குக் கிடைத்தது அதுதான்.

வேனில் வரும்போது ஏதாவது பேச வேண்டும் என்று பேசினேன்.

"நல்லா பேசினம்மா."

"யாருக்குக் கேட்டுச்சு?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள்.

"காவடிய இறக்கி வெச்சதும் எல்லாரும் என்னப்பா செய்வாங்க?"

"சாப்பிடப் போவாங்க."

"அதத்தான் செஞ்சாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். போகும் வழியில் ஸ்டோராக வைத்திருந்த அந்த அறையின் கதவு திறந்திருந்தது. பெருமை நாள் பதாகைகளைச் சுருட்டி அதற்குள் அடைத்திருந்தார்கள், மண்டப நாற்காலிகளும் உள்ளே வந்துவிட்டன. முன்பு நடக்கவாவது இடம் இருந்தது. அறிவிப்புப் பலகையில் பொன்னாடையோடு என் படம் ஒட்டியிருந்தது.

"சார், அந்த ரூம்..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, உங்களப் பார்த்து அன்னைக்கு எத்தன பேர் கண் கலங்கினாங்க தெரியுமா? டீனே கேட்டாரு, யாரு இந்த மனுஷன்னு. அந்தப் படம் வந்ததுக்கப்புறம் ரூமப் பத்தி மேலிடத்துல யாரும் பேசறதில்ல. நீங்க இருக்கிறவரைக்கும் எங்களுக்கு என்ன கவலை?"

என் முட்டி இப்போதே இரவில் வீங்குகிறது. அதைச் சொல்லாமல் தலையை ஆட்டினேன். எனக்குப் பின்னால் நாற்காலியில் இருந்த மகளுக்கு எல்லாம் கேட்டது.

மாடிப்படிக்கு வந்ததும் வழக்கம்போலக் குனிந்தேன். அவள் சக்கரத்தின் பிரேக்கைப் போட்டாள்.

"வேணாம்பா."

"கிளாசுக்கு நேரமாச்சும்மா. அட்டெண்டன்ஸ் குறைஞ்சா பரீட்சை எழுத விட மாட்டாங்கன்னு நீதானே சொன்ன."

"ஆமா, விட மாட்டாங்க. ஆனா இன்னைக்கு நீங்க தூக்கினா, நாளைக்கும் நீங்கதான் தூக்கணும். அவரு சொன்னது சரியாப் போயிடும்."

நாங்கள் அப்படியே நிற்பதைப் பார்த்து அதிகாரி வந்தார்.

"தூக்குங்கண்ணே. பிள்ளை ஏதோ கோவத்துல பேசுது. எல்லாரும் பாக்கறாங்க."

எல்லாரும் பார்க்கத்தான் செய்தார்கள். மற்ற நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கே தூக்கியிருப்பேன். கைகள் தாமாகவே அவள் முழங்காலுக்குக் கீழே போயின. அவள் என்னைத் தடுக்கவில்லை, கண்களையும் மூடவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"தூக்க மாட்டேன் சார்."

படிக்கட்டில் என் குரல் எதிரொலித்தது எனக்கே அந்நியமாக இருந்தது.

"என்னண்ணே, பொன்னாடை போட்டப்ப மட்டும் நல்லா இருந்துச்சா?" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

மேலே விரிவுரையாளர் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்து, ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று மலாயில் கேட்டார். "நான் வந்துட்டேன் மேடம். கிளாஸ்தான் மேல இருக்கு" என்று அதே மொழியில் என் மகள் சொன்னாள். அந்த அம்மா உள்ளே போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மகள் கையை நீட்டினாள். என் தண்ணீர்ப் போத்தலைத்தான் கேட்கிறாள் என்று புரியச் சற்று நேரமானது. மூடியைத் திறந்து, நிறுத்தாமல் குடித்தாள்.

இன்னும் அந்த அறையில் பதாகைகள்தான் படிக்கின்றன. பலகையில் என் படமும் இருக்கிறது. நாங்கள் தினமும் நேரத்துக்குப் போய் மாடிப்படிக்குக் கீழே உட்காருகிறோம். மேலே அவளுக்கு வரவில்லை என்று குறிக்கிறார்கள். இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது என்று வாயாலேயே சொல்லிவிட்டார்கள். எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது. காலையில் கிளம்பும்போது மட்டும், அவள் அம்மா கலக்கி வைத்த மைலோவை ஆற விடாமல் குடித்துவிட்டு வேனில் ஏறுகிறாள்.