பலகையில் இருந்த புது ஸ்க்ரூடிரைவர்

வாலண்டைனுக்கு அறுபத்து மூன்று வயது. முழங்கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. சிங்கப்பூரில் முப்பத்தொரு வருடம் விமானங்களுக்கு அடியில் குனிந்து கிடந்ததற்குக் கிடைத்த பலன் அது. ஓய்வு பெற்றுக் குளுவாங் ஊருக்கு வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்து ஊர் யோங் பெங்கில் பல் டாக்டராக இருக்கும் கென்னத், துருப்பிடித்த பழைய விமானம் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, "எப்படியாச்சும் பறக்க வச்சுக் குடுங்க அங்கிள்" என்று நின்றான். மாட்டேன் என்று சொல்ல மனிதருக்கு வாய் வரவில்லை. ஏழு வருடம் போயே போய்விட்டது.

சிம்பாங் ரெங்கம் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. மத்தியானத்தில் உள்ளே நின்றால் ஆள் வெந்துவிடுவான். விமானத்தின் இறக்கை மரச்சட்டம். அதன்மேல் துணி போர்த்தி, ஊசி நூலால் தைத்து, வார்னிஷ் மாதிரி ஒரு மருந்தைப் பூசிப் பூசி இறுக்க வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் ஐந்து மாதம் பிடித்தது.

நாளைக் காலை முதல் தடவையாகப் பறக்கப் போகிறது. கென்னத்தான் ஓட்டப் போகிறான். அதற்கு முன்னால் 'பறக்கலாம்' என்று வாலண்டைன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் ஆளுக்கு விடுதலை. வீட்டுக்குப் போய் ஒரு மாதம் தூங்குவதாக உத்தேசம்.

பேனாவை எடுக்குமுன் வழக்கம்போல் கருவிப் பலகையைப் பார்த்தார். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைப் பலகையில் வரைந்திருப்பார். ஓர் உருவம் காலியாக இருந்தால், கருவி விமானத்துக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். கிடைக்கும்வரை எதுவும் பறக்காது. எல்லா இடமும் நிறைந்திருந்தது. ஆனால் ஒரு குட்டை ஸ்க்ரூடிரைவரின் பிடி மட்டும் பளபளவென்று இருந்தது. எடுத்துத் திருப்பினார். அவர் கையால் செதுக்கும் எண் அதில் இல்லை.

மனைவிக்குப் போன் போட்டார்.

"இன்பா, இந்தக் குட்டை ஸ்க்ரூடிரைவர் ஏது?"

"அதுவா? நீங்க காய்ச்சல்ல படுத்தீங்கல்ல, அப்ப கூட்டிப் பெருக்க வந்தேன். பலகையில ஒரு இடம் காலியா இருந்துச்சு. பாத்தா கத்துவீங்களேன்னு கடையில அதே மாதிரி வாங்கி வச்சேன். ஏங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

அவளைச் சொல்லி என்ன? நல்லது செய்வதாக நினைத்துச் செய்தாள். இடது இறக்கையை மூடித் தைத்த அன்றுதான் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பலகையைப் பார்க்காமலே வீட்டுக்குப் போயிருந்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் செய்யாத தப்பு. அதற்குப் பிறகு பார்த்தபோதெல்லாம் எல்லா இடமும் நிறைந்தே இருந்ததால் சந்தேகமும் வரவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார். இறக்கையைக் கிழித்தால் மறுபடி மாதக்கணக்கில் வேலை. கிழிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பழைய ஸ்க்ரூடிரைவர் எங்காவது வெளியில்கூட விழுந்திருக்கலாம் இல்லையா? கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் மடியில் இருந்தது, பேனா கையில் இருந்தது. அரை மணி நேரம் அப்படியே போனது.

பிறகு எழுந்து போய் இறக்கையின் அடிப்பக்கம் கத்தியை வைத்தார்.

மூன்றாவது இடத்தில் கிழித்துக் கை விட்டபோது பழைய ஸ்க்ரூடிரைவர் அகப்பட்டது. இறக்கையின் பின்மடலை அசைக்கும் கம்பி ஓடும் கப்பி ஓரத்தில் கிடந்தது. ஒரு விரற்கடை நகர்ந்திருந்தால் கம்பி சிக்கி, விமானம் ஆகாயத்திலேயே கட்டுப்பாட்டை இழந்திருக்கும்.

கென்னத் வந்தபோது கிழிந்த துணி தொங்கிக்கொண்டிருந்தது. "அலமாக்! என்ன அங்கிள் இது?" என்று பதறினான்.

வாலண்டைன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அரை மணி நேரத்தையும் சொன்னார். "கையெழுத்துப் போட்டுறலாம்னு பாத்தேன்பா. உன் உசுரு என் கையில இருந்துச்சு, நான் தூக்கத்த நெனச்சுக்கிட்டு இருந்தேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கென்னத் ஸ்க்ரூடிரைவரை வாங்கிப் பார்த்தான்.

"நானா இருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன் அங்கிள்" என்றான்.

அவரைத் தேற்றத்தான் சொன்னான், பாவம். வாலண்டைனுக்கு அது ஆறுதலாக இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை நான்காகக் கிழித்தார். "துணி ஆர்டர் பண்ணுப்பா" என்றார்.