நடந்து போன என்னை நிறுத்திய கார்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவர் பெங்களூர் பீன்யாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில் வேலைக்குச் சேர்ந்தார். நானும் மகளும் கூடவே போனோம். காலையில் அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். டவுன் பஸ் கிடையாது, கடை இரண்டு மைல். பெங்களூரில் நாங்கள் இருந்த ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கும் நடந்தே போய்ப் பழகியவள், அங்கேயும் நடந்தேன். சோளக்காட்டு ஓரமாகப் போனால் அடுத்தடுத்து கார்கள் வந்து நிற்கும். "கார் ரிப்பேரா? ஏறிக்கோங்க" என்பார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்குத்தான் கூசியது.

ஒரு நாள் கணவரிடம், "எனக்கு டிரைவிங் கத்துக் குடுங்க" என்றேன்.

"பனி வரப்போவுது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"பனியில நடந்து மட்டும் போயிட முடியுமா? இந்தச் சனிக்கிழமையே ஆரம்பிக்கணும்."

தேவாலயத்தின் காலி கார் நிறுத்துமிடத்தில் பழகினேன். முதல் டெஸ்டில், திரும்பும்போது நம் ஊர் நினைப்பில் இடது பக்கம் போய்விட்டேன். இரண்டாவதில் பயத்தில் நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டேன். மூன்றாவதில் தேறினேன்.

மறுநாள் பனி கொட்டியது. மகளைப் பள்ளி பஸ்ஸில் அனுப்பாமல் நானே ஓட்டிப் போனேன். வழியெல்லாம் ஊர்ந்தே போனேன். பள்ளி வாசலில் இறங்கியவள், "சாயந்திரமும் நீயே வாம்மா" என்றாள்.