தாவீது வண்டியின் எட்டு ஸ்பிரிங்

ஒரகடத்தில் வால்வு ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியில் அந்தோணிராஜுக்கு வேலை, ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்ப்பது. மெஷினில் வைத்துக் குறித்த உயரத்துக்கு அமுக்கினால், அது எத்தனை கிலோ பலத்தோடு எதிர்த்துத் தள்ளுகிறது என்று திரையில் எண் வரும். எண் சரியென்றால் பேக்கிங்குக்கு, இல்லையென்றால் சிவப்புத் தொட்டிக்கு. 2007-இல் சாத்தான்குளத்திலிருந்து டிப்ளமோவோடு வந்தவன். ஊருக்குப் போன் பேசும்போது, தான் அமுக்கிப் பார்க்காமல் தமிழ்நாட்டில் ஒரு வண்டி நகராது என்கிற மாதிரித்தான் அளப்பான். அப்படிப்பட்டவன், அமுக்கிப் பார்த்தே தீர வேண்டிய எட்டு ஸ்பிரிங்கை மட்டும் அமுக்காமல் விட்டுவிட்டான்.

மண்ணூரில் அவன் வாடகைக்கு இருந்த அறை, தாவீது வீட்டு மாடியில். கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கும் வேன் ஒன்று தாவீதுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பினால் அந்தோணிக்கும் சேர்த்துத்தான் அந்த வீட்டில் கறி வேகும். 2010-இல் ஒருநாள், அந்த வேன் வேகமெடுக்கும்போதெல்லாம் திக்கத் தொடங்கியது. எப்போதும் அதைப் பார்க்கும் மெக்கானிக் தணிகாசலம் இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டைத் திறந்தார். வால்வுகளை மூடும் ஸ்பிரிங் எட்டும் தளர்ந்துவிட்டன, வேகத்தில் வால்வு நேரத்துக்கு மூடவில்லை என்றார். வேன் கம்பெனியின் அசல் செட் வர ஒரு வாரம் ஆகுமாம்.

“ஸ்பிரிங்குக்கா ஒரு வாரம் காத்துக் கெடக்கணும்? நான் எதுக்கு இருக்கேன்?” என்றான் அந்தோணி.

வேறொரு பெரிய இன்ஜினுக்காகச் சோதனைக்குச் செய்த ஸ்பிரிங்குகள் கம்பெனியில் ஒரு டிரேயில் மிச்சம் கிடந்தன. வேனிலிருந்து கழற்றியதையும் அதில் ஒன்றையும் வெர்னியரால் அளந்தான். அதே உயரம், அதே அகலம். கம்பி மட்டும் துளி தடிமன். இரண்டையும் மெஷினில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் வெளி ஸ்பிரிங் உள்ளே எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், எட்டை எடுத்துப் போவதும் சேர்ந்து வெளியே தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் அமுக்கிப் பார்க்காமலேயே எட்டையும் டிபன் பாக்ஸில் போட்டுக் கேட்டைத் தாண்டினான்.

தணிகாசலம் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அவருக்குத் திருப்தியில்லை.

“கெட்டியா கீதே தம்பி. வால்வத் தள்ற கேம் ஷாப்ட்டு வண்டி கம்பெனி போட்டது. இம்மாம் ஸ்பிரிங்க அது தாங்குமா?”

“கெட்டியா இருந்தா வால்வு டக்குனு மூடும்லா அண்ணாச்சி? தெனமும் ஆயிரம் பாக்கேன். எனக்குத் தெரியாதா?”

ஒருவருடைய கட்டைவிரலும் இன்னொருவனுடைய டிப்ளமோவும் மோதினால் எது எடுபடும்? தணிகாசலம் மாட்டினார். வேன் புதுசுபோலப் பாய்ந்தது. அந்தோணிக்கு அந்த ஞாயிறு ஒரு துண்டு கறி கூடுதலாகவே விழுந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். இன்ஜினில் டக்டக்கென்று சத்தம். திறந்து பார்த்தால், வால்வைத் தள்ளித் திறக்கும் கேம் ஷாப்டின் மேடுகள் எட்டும் மழுங்கிப் போயிருந்தன. வேன் நின்றது, ஷிப்டு டிரிப்பு வேறு வண்டிக்குப் போயிற்று. மறுநாள் டீ நேரத்தில், அறையில் கிடந்த பழைய ஸ்பிரிங்கை அந்தோணி திருட்டுத்தனமாக மெஷினில் வைத்தான். பத்தொன்பது கிலோ. தளராதபோதும் இருபத்திரண்டைத் தாண்டியிருக்காது. டிரேயில் மிச்சமிருந்த தடித்த கம்பி ஸ்பிரிங்கை வைத்தான். முப்பத்தாறு. ஒவ்வொரு முறை வால்வைத் திறக்கும்போதும் அந்த மேடுகள் தாங்க முடியாத பலத்தோடு உரசித் தேய்ந்திருக்கின்றன. யாரும் பார்ப்பதற்குள் பழைய ஸ்பிரிங்கை டிபன் பாக்ஸில் போட்டு மூடினான்.

அன்று மாலை மெக்கானிக் கடையில், தணிகாசலத்தின் எதிரிலேயே தாவீது கேட்டான்.

“நீ சொல்லு அந்தோணி. ஸ்பிரிங்குல எதுனா கோளாறு கீதா?”

அந்த வாரம்தான் அந்தோணிக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் வர வேண்டியிருந்தது. ஸ்பிரிங் எடுத்த கதை தெரிந்தால் அது வராது.

“ஸ்பிரிங்குல ஒண்ணும் இல்லண்ணே. மெஷின்ல வச்சுப் பாத்துட்டேன்.”

தணிகாசலம் அவனைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார். “அப்போ கேமுக்கு எண்ணெ போற வழில நான்தான் இன்னாவோ வுட்டுட்டேன் போல” என்றார். சண்டை பிடிக்கக்கூட இல்லை.

கடிதம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். கடிதம் வந்தது. கிறிஸ்துமஸ் போகட்டும் என்று நினைத்தான், அதுவும் போயிற்று. அதற்குள் வேறொரு மெக்கானிக் புதுக் கேமும் அதற்கென்றே உள்ள ஸ்பிரிங் செட்டும் போட்டு வேனை ஓட வைத்துவிட்டார். தப்பு தணிகாசலத்தின் கையில்தான் என்று வேன் ஸ்டாண்டு முழுக்கத் தாவீது சொல்லித் தீர்த்தான். ஆனாலும் சிலர் அவரிடமே வந்தார்கள். “ஹெட்டு வேலை மட்டும் வேணாம்பா” என்று அவரே திருப்பி அனுப்பினார். ஆயில் மாற்றுவது, பெல்ட் போடுவது என்று கொஞ்ச நாள் ஓட்டி, பிறகு கடையைச் சாத்தினார். அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் அந்தோணி சுற்றிக்கொண்டு போவான்.

2013-இல் கான்டிராக்ட் ஆளாகப் பேக்கிங்குக்கு வந்து நின்றார் தணிகாசலம், அதே கம்பெனியில், அந்தோணியின் லைன் முடியும் இடத்தில். தம்பி என்று கூப்பிட்டவர், யூனிபார்ம் மாட்டியதும் சார் என்றார். அந்தோணிக்கு ஒவ்வொரு சாரும் சுருக்கென்றது.

பழைய சோதனை ஸ்பிரிங் அப்போது ஆர்டர் கிடைத்து லைனில் ஓடத் தொடங்கியிருந்தது. ஒருநாள் மதியம் தணிகாசலம் அதில் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்தியபடியே வெகுநேரம் நின்றார். பிறகு அதையும், தாவீது வேன் மாதிரி இன்ஜினுக்கு அந்த வருஷம்தான் செய்யத் தொடங்கியிருந்த லாட்டிலிருந்து ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“இத ரெண்டையும் கொஞ்சம் அமுக்கிக் காட்டு சார்.”

அந்தோணி அமுக்கினான். இருபத்திரண்டு. முப்பத்தாறு. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு வருசமா என் கைதான் இன்னாவோ பண்ணிடுச்சின்னு நெனச்சிகினு கீறேன்” என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அன்னிக்கே உனுக்குத் தெரியுமா தம்பி?”

“தெரியும் அண்ணாச்சி.”

அவர் அறைந்திருந்தால் அந்தோணி நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பான். அவர் இரண்டு ஸ்பிரிங்கையும் அதனதன் பெட்டியில் போட்டுவிட்டுப் பேக்கிங்குக்குத் திரும்பினார்.

அன்று மாலையே தாவீதிடம் எல்லாவற்றையும் சொன்னான். தாவீது வாய்க்கு வந்தபடி திட்டினான், அப்புறம் அவனையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வல்லக்கோட்டையில் தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனான்.

“மன்னிச்சிடுண்ணா. வண்டிக்கு திரும்ப ஹெட்டு வேலை வந்துகீது. நீதான் பாக்கணும்.”

தணிகாசலம் இருவருக்கும் டீ கொடுத்தார். “தொறந்துடுவேன் தாவீது. மூடத்தான் மனசு வராது. எத வுட்டோமோ எத வுட்டோமோன்னு. இனிமே ஆவாது.”

மறுநாள் காலை லைனில், “குட்மார்னிங் சார்” என்றார். முந்தின நாள் மெஷின் முன்னால் கேட்டதுதான், அவர் அவனைத் தம்பி என்று கூப்பிட்ட கடைசி.