பூந்தோட்டத்தில் பால் காய்ச்சிய வீடு

புதுப் பலகையின் மணமும் காயாத சுண்ணாம்பின் மணமும் கலந்து வரும் இடத்தில் இன்றும் என்னால் அதிக நேரம் நிற்க முடிவதில்லை. யாராவது புதிதாக வீடு கட்டிக் குடிபுக அழைத்தால், பால் காய்ச்சி முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துத்தான் போகிறேன். அந்த மணம் என்னை நுவரெலியாவுக்கு அப்பால், பெரும்பாறையின் அடியில் இருக்கிற அரசாங்கப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுபோய், ஒரே காம்பராவும், அதாவது ஒரே அறையும், ஒரு புகைக்கூண்டும் கொண்ட ஒரு வீட்டின் முன்னால் நிறுத்திவிடும். அந்த வீட்டில் நாங்கள் ஒரு வாரம் இருந்தோம்.

பழையதை எழுதும்போது ஆண்டும் மாதமும் சரியாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவள் நான். இதில் மாதம் சித்திரை என்பதில் ஐயமில்லை; வருஷப் பிறப்பு முடிந்து, கொழும்புக்காரர்கள் குளிர் தேடி மலையேறி வரும் "சீசன்" காலம். ஆண்டில்தான் சிக்கல். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் கீழ் லயத்தில் மண் சரிந்ததற்கு அடுத்த வருஷம் என்பது அம்மாவின் கணக்கு; என் பள்ளிக்கூடத்துச் சான்றிதழை வைத்துப் பார்த்தால் அதற்கும் அடுத்த வருஷம் வருகிறது. ஐம்பதுகளின் நடுப்பகுதி என்பதற்கு மேல் நான் உறுதி சொல்ல மாட்டேன். பிற்காலத்தில் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டியபோது அந்தப் பூந்தோட்ட வாரங்களைப் பற்றிய செய்திகள் நிறையவே கிடைத்தன. எந்தத் துரைசாணியின் ரோஜா முதல் பரிசு வாங்கியது, பாண்டு வாத்தியம் எந்த மாலையில் வாசித்தது, கண்ணாடிக் கூண்டுக்குள் என்னென்ன ஓர்கிட் பூக்கள் இருந்தன என்பதெல்லாம் அச்சாகியிருந்தது. பூக்களின் பெயர்கள் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தன. எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பூக்களோடு தேயிலைத் தோட்டங்களும் தங்கள் பெருமையைக் காட்டும் வழக்கம் அந்த வாரத்துக்கு உண்டு. கொழுந்து, தூள், ஆலையின் சின்ன மாதிரி என்று வைப்பார்கள். அந்த வருஷம் எங்கள் தோட்டத்துப் பெரிய தொரையின் மனைவியான துரைசாணிக்கு ஒரு யோசனை தோன்றியது: தொழிலாளிக்கு இனிமேல் கட்டப்போகும் வீடு எப்படியிருக்கும் என்று ஒன்றை நிசமாகவே கட்டிக் காட்டுவது, அதற்குள் ஒரு நிசக் குடும்பத்தையும் வைப்பது. ஒரு நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏ பழனியாண்டி, ஒனக்குப் புது வீடு வந்திருக்குடா. பூந்தோட்டத்துல. பொண்டாட்டி புள்ளைகளோட போய் இரு."

"எத்தன நாளைக்குங்கய்யா?"

"மொதல்ல போய் இருடா. ஒவ்வொருத்தன் கெடைக்காம அலையறான், இவன் நாள் கேக்குறான்."

அப்பா சொன்னதை அம்மா காதில் வாங்கிக்கொண்டது ஒரே ஒரு விதமாகத்தான்: ஈரமில்லாத ஒரு வீடு. காரணம் தம்பி. பிறந்து ஆறேழு மாதம் இருக்கும். செல்லையா என்று பெயர். மார்ச்சளி கட்டிக்கொண்டு, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ கிழிகிற மாதிரி சத்தம் வரும். எங்கள் காம்பராவின் பின்சுவர் மேட்டை ஒட்டியிருந்தது. மழை பெய்தால் சுவர் கசியும், மண்தரை ஊறும், விரித்த சாக்கை மறுநாள் பிழியலாம். "புள்ளைய ஈரத்துல போடாத, சூட்டுல வச்சிரு, மத்ததெல்லாம் அப்புறம்" என்று டிஸ்பென்சரி ஐயா சொல்லியிருந்தார். ஈரமில்லாத இடம் எங்கே இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை.

லொறியின் பின்புறம் பூச்சட்டிகளோடு எங்களையும் ஏற்றிப்போய் இறக்கினார்கள். வீட்டைப் பார்த்ததும் அம்மா உள்ளே போகவில்லை. பலகைத் தரை. வெள்ளைச் சுவர். கண்ணாடி போட்ட சன்னல். மூலையில் அடுப்பு, அதற்கு மேலே கூரையைத் தாண்டிப் போகிற புகைக்கூண்டு. வாசலில் ஆங்கிலத்தில் ஒரு பலகை. அம்மா முந்தானையில் முடிந்து வந்த மஞ்சளை எடுத்து நிலையில் பூசினாள். மடியிலிருந்து ஒரு செம்பு வந்தது. எங்கள் லயத்தில் மாடு வைத்திருந்தவர்களிடம் விடியலில் வாங்கிய பால். காட்சிக்காக அழகாக அடுக்கியிருந்த விறகை உருவி, கிழக்கே பார்த்து அடுப்பைப் பற்றவைத்து, அம்மா பால் காய்ச்சினாள். குடிபுகும் வீட்டில் பால் பொங்க வைக்காமல் வேறு எதைச் செய்வது? பால் பொங்கி வழிந்தது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். விறகு பச்சை, புகை கூண்டில் ஏறாமல் வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்பு நாக்கு நீட்டியது.

கண்டாக்கையா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அடியேய் மீனாச்சி! யாரு ஒன்ன அடுப்ப மூட்டச் சொன்னது? இது பாக்குறதுக்கு வச்ச அடுப்பு!"

"பாக்குற அடுப்புல சோறு எப்புடிங்கய்யா வேகும்?"

"சோறா? ஒன்ன இங்க சோறாக்கவா கூட்டியாந்தாங்க? சாயங்காலம் லொறி வரும், எல்லாரும் லயத்துக்குப் போவணும். காலையில திரும்ப வரணும். ஒரு வாரம். அம்புட்டுத்தான்."

அம்மா செம்பைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "பால் காய்ச்சிட்டேனேங்க" என்றாள் அப்பாவிடம், மெதுவாக.

அதற்குள் துரைசாணி வந்துவிட்டாள். கண்டாக்கையா எங்களைத் திட்டத் தயாராக வாயைத் திறந்தார். ஆனால் அவள் வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக் கைதட்டினாள். புகைக்கூண்டிலிருந்து அப்போதுதான் ஒழுங்காகப் புகை போகத் தொடங்கியிருந்தது. பாறை, மூடுபனி, பூக்கள், நடுவே புகை விடுகிற ஒரு சின்ன வீடு. தினமும் அடுப்பு எரிய வேண்டும் என்று உத்தரவாயிற்று. காய்ந்த விறகு வந்தது. கறுத்த சுவருக்கு இன்னொரு கை சுண்ணாம்பு அடித்தார்கள்.

அம்மா செய்த பிழையால் தம்பிக்குச் சூடு கிடைத்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுப்போரமாகப் பலகைமேல் படுத்துக் கிடந்தான். வாரத்தின் நடுவில் நெஞ்சுச் சத்தம் குறைந்தது. பால் குடித்துவிட்டு, சன்னல் வெளிச்சத்தைப் பார்த்து ஒருநாள் சிரிக்கவும் செய்தான். "கொஞ்சம் தெளிஞ்சிருக்கு, பாத்தியா?" என்று அம்மா என்னிடமே கேட்டாள், கேட்பதற்கு அப்போது வேறு ஆள் இல்லை. சாயங்காலம் திறந்த லொறியில் பனிக்குள் திரும்பிப் போய், ஊறிய தரையில் படுத்து எழுந்தால், மறுநாள் காலையில் அந்தச் சத்தம் பாதி திரும்பியிருக்கும்.

ஆட்கள் வரிசையாக வந்தார்கள். தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி சட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினாள். லிந்துலையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, எங்களுக்குப் பழக்கமானவர், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"என்ன பழனியாண்டி, பங்களா கட்டிட்டு நமக்கு ஒரு சொல்லும் இல்லையே?"

"வாங்க நானா, உள்ள வாங்க. நம்ம வீட்டுக்கு நாங்களும் விருந்தாளிதான். பொழுது சாஞ்சா தொரத்திருவாங்க."

நானா சிரித்தார். பிறகு தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தார். "நல்ல பலகப்பா. இத எங்க கொண்டு போவாங்களாம்?" என்றார்.

வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ, துரைசாணி மீண்டும் வந்தபோது அம்மா எழுந்து நின்று கண்டாக்கையாவிடம் கேட்டுவிட்டாள். "ஐயா, அம்மாகிட்டச் சொல்லுங்க. புள்ளைக்கு நெஞ்சு சரியாவுற மட்டும் ராத்திரியும் இங்கயே இருந்துக்கிறோம். பூக்கள மிதிக்க மாட்டோம். வெளிய வர மாட்டோம். ராத்திரி யாரு பாக்கப் போறாங்க? ஈரம்தாங்கய்யா அவன கொல்லுது."

கண்டாக்கையா ஆங்கிலத்தில் சொன்னது அம்மா கேட்டதில் கால்வாசி நீளங்கூட இருக்கவில்லை. துரைசாணி சிரித்தாள். குனிந்து தம்பியின் கன்னத்தைத் தொட்டு ஏதோ கொஞ்சிவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போனாள். "முடியாதாம்" என்றார் கண்டாக்கையா. முடியாது என்பவர்கள் அப்படிச் சிரிப்பார்களா என்று நான் அப்போதே நினைத்தேன். அவர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதப் போவதில்லை.

கடைசி நாளன்று எங்கள் தோட்டத்துக்கு வெள்ளிக் கோப்பை கிடைத்தது. பாண்டு வாத்தியம் முடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் குடைகளோடு கலைய, ஆட்கள் வந்து கூரைத் தகரத்தைக் கழற்றத் தொடங்கினார்கள். நாங்கள் இன்னும் உள்ளே இருந்தோம். அடுப்பில் நெருப்பு இருந்தது. மேலேயிருந்து மழை அதன்மேல் விழுந்து "சொய்ங்" என்றது. அம்மா தம்பியை முந்தானைக்குள் மூடிக்கொண்டு கண்டாக்கையாவிடம் கடைசியாக ஒன்று கேட்டாள்.

"வீடு வேணாங்கய்யா. நாலு பலக குடுங்க. தரையில போட்டு இவனப் படுக்க வைக்க."

"அடுத்த வருசத்துக்கு வேணும்ங்கிறாங்க மீனாச்சி. பலகைக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு."

உண்மைதான். ஒவ்வொரு பலகையின் பின்புறமும் சிவப்பு மையில் இலக்கம் எழுதியிருந்ததை நான் பார்த்தேன். திரும்பிய லொறியில் அந்தப் பலகைகளும் இருந்தன, மேலே தார்ப்பாய் போர்த்தி. நாங்கள் தார்ப்பாய்க்கு வெளியே உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த சம்பள நாள் வரும்முன் தம்பி போய்விட்டான். தேயிலைக்குள்தான் புதைத்தோம், எங்கள் ஆட்களை எல்லாம் அப்படித்தான். அம்மா மறுபடி கொழுந்து எடுக்கப் போனாள். தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் பால் கொடுக்கக் கூப்பிடும் சங்கு ஊதும்போது மட்டும், கொழுந்து எடுக்கும் கை நின்று, பிறகு தானாக ஓடும்.

மறுவருஷச் சித்திரையில் அந்த வீட்டை மீண்டும் பொருத்தி நிறுத்தினார்கள். இந்தத் தடவை பக்கத்துக் காம்பரா ராக்காயி குடும்பம். அவள் புதுச் சேலை கட்டிக்கொண்டு, கையில் ஒரு செம்போடு லொறிக்காக நின்றாள். அம்மா அவளிடம் போய்ச் செம்பை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"இத இங்கயே புள்ளைகளுக்குக் குடுத்துட்டுப் போ ராக்காயி. அங்க காய்ச்சாத."

"ஏன்க்கா, நல்லதுதான?"

"காய்ச்சுனா நம்ம வீடுன்னு நெனச்சிருவ."

சென்ற வருடம் பேரப்பிள்ளைகளோடு அந்தப் பூந்தோட்டத்துக்குப் போனேன். அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உள்ளே விட்டார்கள். பாறை அப்படியே நிற்கிறது, மூடுபனியும் அப்படியே இறங்குகிறது. வீடு நின்ற இடம் என்று நான் நினைத்த இடத்தில் புல்தரை. அதற்குள் கால் வைக்கக் கூடாது என்று மும்மொழியிலும் எழுதியிருக்கிறது. தம்பியைப் புதைத்த மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று வைத்து எவ்வளவோ காலமாயிற்று. இடத்தைக் காட்டக்கூடியவள் அம்மா ஒருத்திதான், அவளும் இல்லை. புல்தரையின் ஓரத்தில் ஒவ்வொரு செடிக்கும் முன்னால் ஒரு சிறிய தகடு நட்டு, பெயரும் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதும் பொறித்திருந்தார்கள். பேத்தி ஒவ்வொன்றாக உரக்க வாசித்துக்கொண்டே போனாள். நான் பின்னால் நடந்தேன்.